கடலுக்கு எவற்றை விடப் போகிறீர்கள்? பெயர்களைச் சொல்லுங்கள்

பெறுநர்: ஆட்சிக்குழுவினர், ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து, லாங்மோர் ஹவுஸ், எடின்பரோ.
நகல்: பண்பாட்டுத் துறை, ஸ்காட்லாந்து அரசு.

மதிப்பிற்குரியவர்களே,

முதலில் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வரும். ஸ்காட்லாந்தின் கரையோரத்தில் கடல் அரித்துக்கொண்டிருக்கும் தொல்லியல் இடங்களில் எவற்றைக் காக்கப் போகிறீர்கள், எவற்றை இடம் மாற்றப் போகிறீர்கள், எவற்றைக் கடலுக்கே விடப் போகிறீர்கள் என்று பெயர் பெயராக ஒரு பட்டியல் போட்டு வெளியிடுங்கள். விடப் போகிறவற்றை அலை வருமுன் தோண்டிப் பதிவு செய்யவும், தோண்டியதை ஆய்ந்து எழுதவும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

நான் ஆபர்டீனில் குடியிருக்கிறேன். உங்கள் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறேன். தொல்லியல் படித்ததில்லை, கோடை வந்தால் கப்பலேறி வடக்கே ஆர்க்னித் தீவுகளுக்குப் போகிற பழக்கம் உண்டு, அவ்வளவே என் தகுதி. மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்த நாட்டில் வரி கட்டும் தமிழர்களும் படித்துவிட்டுக் கூடக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது. ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வருகிறது. விவரம் தெரியாத நம்மவர்களுக்காக ஒரு குறிப்பு: ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து, 2015இல் இரண்டு பழைய அமைப்புகளைச் சேர்த்து உருவாக்கிய நிறுவனம். எடின்பரோ கோட்டை, ஸ்டிர்லிங் கோட்டை தொடங்கி வயல் நடுவே தனியாக நிற்கும் செதுக்கல் கல் வரை 300க்கும் மேற்பட்ட இடங்கள் இவர்கள் பொறுப்பில் இருக்கின்றன. நாட்டில் எந்தத் தொன்மைச் சின்னத்துக்குச் சட்டப் பாதுகாப்பு என்று முடிவு செய்வதும், பாதுகாக்கப்பட்ட இடத்தில் மண்வெட்டி வைக்க அனுமதி தருவதும் இவர்களே. அதனால்தான் மடல் இவர்களுக்குப் போகிறது.

ஆர்க்னியின் ஸ்காரா பிரேயிலிருந்து தொடங்குகிறேன். 1850 குளிர்காலத்தில் வந்த புயல், ஸ்கேய்ல் விரிகுடாவின் மணல்மேட்டைப் பிய்த்துப் போட்டபோது வெளியே வந்த ஊர் அது. எட்டு வீடுகள். பெரும்பாலானவற்றில் நடுவில் அடுப்பு, இரு பக்கமும் கல் கட்டில், வாசலுக்கு நேர் எதிரே கல்லால் ஆன அடுக்கு. வீட்டுக்கு வீடு போக மேலே மூடிய சந்து, தரைக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய். கி.மு. 3180 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 600 ஆண்டுகள் மனிதர்கள் அங்கே இருந்தார்கள். அப்போது கடல் தள்ளி இருந்தது. 1924இல் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியை அடித்துக்கொண்டு போக, அவசர அவசரமாகக் கடற்சுவர் எழுப்பினார்கள். பிறகு 1928 முதல் 1930 வரை தொல்லியலாளர் கார்டன் சைல்ட் அங்கே அகழாய்வு செய்தார். இன்று நாங்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்தச் சுவர் காத்துக் கொடுத்த ஊரை.

வருகிறவர்கள் எல்லோரும் வீடுகளைக் குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுவர் முடியும் முனைக்குப் போய் நிற்பவர்கள் குறைவு. உங்களில் சிலராவது போய் நிற்க வேண்டும். சுவருக்குப் பின்னால் இருக்கும் புல் தரை நேராக இருக்கிறது. சுவர் நின்றதும் கரை உள்பக்கமாக வளைந்து வாங்கியிருக்கிறது. மேலே புல், அதற்குக் கீழே மணல், அதற்குக் கீழே பழுப்பு மண் என்று வெட்டிய கேக் மாதிரி அடுக்கு தெரியும். விளிம்பில் புல்லின் வேர் அந்தரத்தில் தொங்கும். சுவரில் மோதிய அலையின் வலு முனையைச் சுற்றிக்கொண்டு மென்மையான இடத்தைப் பிடிக்கிறது. சுவரை நீட்டினால் முனை தள்ளிப் போகும், அரிப்பும் கூடவே போகும். கடந்த நூறு ஆண்டுகளில் அந்தச் சுவரை ஒட்டுப் போட்டும் நீட்டியும் வந்திருக்கிறார்கள். இன்னும் எவ்வளவு தூரம் நீட்டுவது என்ற கேள்விக்குப் பொறியாளர் மட்டும் பதில் சொல்ல முடியாது. அது எதைக் காப்பது என்ற முடிவு. அந்த முடிவு உங்களுடையது.

ஆபத்து உங்களுக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கரையை உங்கள் ஆட்கள் லேசர் கருவி வைத்துத் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். 2018இல் நீங்களே வெளியிட்ட அறிக்கை, உங்கள் பொறுப்பிலிருக்கும் 352 இடங்களை வெள்ளம், அரிப்பு, மண்சரிவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, பாதிக்கும் மேற்பட்டவை உயர்ந்த ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு ஸ்ட்ரோம்னஸ் ஊரில் உட்கார்ந்து ஆர்க்னியின் உலக மரபுச் சின்னங்கள் மீது பருவநிலை மாற்றம் என்ன செய்யும் என்று ஆராய்ந்தீர்கள். பண்பாட்டுச் சின்னம் ஒன்றுக்கு அந்த முறையில் நடந்த முதல் மதிப்பீடு அதுதான். கடல்மட்டம், மழை, புயல் மூன்றும் பெரிய மிரட்டல் என்று முடிவு வந்தது. இதற்கெல்லாம் உண்மையிலேயே நன்றி. ஆனால் இவையெல்லாம் நோய் என்ன என்று சொல்லும் தாள்கள். எந்த இடத்துக்கு என்ன முடிவு, எந்த ஆண்டுக்குள், யார் பணத்தில் என்று ஒரே இடத்தில் சொல்லும் தாள் எங்கள் கையில் இல்லை.

ஸ்காரா பிரேக்காவது பெயர் இருக்கிறது. நுழைவாயில் பக்கத்தில் ஏழாம் எண் வீட்டை அப்படியே நகல் கட்டி வைத்திருக்கிறீர்கள். குழந்தைகள் உள்ளே ஓடி விளையாடுகிறார்கள். அந்த ஊரைக் கடல் தொட்டால் உலகம் முழுதும் செய்தி வரும், பணமும் வரும். நான் எழுதுவது பெயர் இல்லாதவற்றுக்காக. ஸ்காட்லாந்தின் கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மணலும் களிமண்ணுமான மென்கரை. பழைய மனிதர்கள் பாறை முகட்டில் குடியிருக்கவில்லை. படகு இழுக்க வசதியான, பயிர் வைக்க வசதியான அந்த மென்கரையில்தான் இருந்தார்கள். எனவே இழப்பும் அங்கேதான்.

இன்னொன்று. இந்த நாட்டில் 1990களிலிருந்து ஒரு நல்ல நடைமுறை இருக்கிறது. வீடு கட்டவோ சாலை போடவோ காற்றாலை நிறுத்தவோ ஒருவர் வந்தால், அந்த நிலத்தில் தொல்லியல் எச்சம் இருக்கிறது என்றால், அதை அவர் தன் செலவில் முறையாகத் தோண்டிப் பதிவு செய்ய வைத்த பிறகே வேலையைத் தொடங்க விடுகிறார்கள். ஊருக்கு வெளியே நாலு வீடு கட்டும் சின்ன பில்டர்கூடத் தொல்லியலாளருக்குச் சம்பளம் கொடுக்கிறார். அழிக்கிறவர் செலவை ஏற்க வேண்டும் என்பது கணக்கு. சரி, கடல் அழித்தால்? பில்லை யாருக்கு அனுப்புவது? நாட்டின் அகழாய்வுப் பணத்தில் பெரும் பகுதி கட்டுமானத்தின் பின்னால் ஓடுவதால், கட்டுமானமே நடக்காத வடக்குத் தீவுகளின் கரை அந்த ஏற்பாட்டிலிருந்து முழுதாக விழுந்துவிடுகிறது. அங்கே கட்ட வருபவரின் இடத்தில் நின்று பணம் கொடுக்க வேண்டியது அரசு. வேறு ஆள் இல்லை.

பணமும் ஆளும் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்க்னியின் சாண்டே தீவில் இருந்த ஸ்கார் புதைகுழியைச் சொல்கிறேன். 1985இல் உள்ளூர் விவசாயி ஒருவரின் கண்ணில் கடற்கரை மண்சுவரில் எலும்பும் சில பொருள்களும் பட்டன. அது என்ன என்று சரியாகத் தெரிய 1991 ஆகிவிட்டது: வைக்கிங் காலப் படகுப் புதைகுழி. உங்கள் முன்னோடி அமைப்பு அவசரமாகப் பணம் கொடுத்தது. அந்த ஆண்டு இறுதியில், வடக்குத் தீவில் பகல் சில மணி நேரமே இருக்கும் பருவத்தில், மழையிலும் காற்றிலும் தோண்டினார்கள். படகின் ஒரு பக்கத்தைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. மரம் மக்கிவிட்டது, முந்நூறுக்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகள் மட்டும் இருந்த இடத்திலேயே வரிசை குலையாமல் மண்ணில் நின்றன. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே படகின் வடிவத்தை மீட்டார்கள். உள்ளே மூன்று பேர்: எழுபதைத் தொட்ட மூதாட்டி, முப்பதுகளில் ஓர் ஆண், பத்து வயது ஒட்டிய ஒரு குழந்தை. ஆணுடன் வாள், அம்புகள், சீப்பு, விளையாட்டுக் காய்கள். மூதாட்டியுடன் நெசவுக் கருவி, அரிவாள், தக்களி வில்லைகள், கத்தரிக்கோல், அப்புறம் உச்சியில் இரண்டு டிராகன் தலைகள் செதுக்கிய திமிங்கில எலும்புப் பலகை. துணியை மடிப்பு எடுக்கப் பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள். படகின் மரப்பலகைகளுக்கு இடையே இருந்த இடுக்குகளில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தபோது அந்தப் படகு ஆர்க்னியில் கட்டியதல்ல என்று தெரிந்தது.

தோண்டி முடித்த கொஞ்ச நாளில் வந்த புயல் மிச்சத்தை வழித்துக்கொண்டு போய்விட்டது. இன்று கர்க்வாலில் ஆர்க்னி அருங்காட்சியகத்தில் அந்தத் திமிங்கில எலும்புப் பலகை முன்னால் நிற்கும்போது எனக்கு மகிழ்ச்சியை விடப் பதற்றம்தான் வருகிறது. ஆறு ஆண்டுகள் அந்தக் குழி அலைக்குப் பக்கத்தில் காத்திருந்தது. நடுவில் ஒரே ஒரு மோசமான ஜனவரி வந்திருந்தால் அந்தக் கிழவியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. காப்பாற்றியது திட்டம் என்று சொல்ல முடியுமா? அதிர்ஷ்டம்தான்.

ஸ்வான்ட்ரோவில் அந்த அதிர்ஷ்டமும் மெல்லத் தீர்ந்துகொண்டிருக்கிறது. ரௌஸே தீவின் கரையில் கூழாங்கற்களுக்கு அடியில் இருக்கும் இடம். கீழே புதிய கற்காலக் கல்லறை மேடு, மேலே இரும்புக் கால வட்ட வீடுகள், அதற்கும் மேலே பிக்ட் என்ற பழைய ஸ்காட்லாந்து மக்களின் காலத்துக் கட்டடங்கள். உயர் அலை வந்தால் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விடும். கறையான் தின்ற கதவு போல, மேலிருந்து பார்த்தால் சுவர் நிற்பதாகத் தெரியும். அலை கற்களுக்கு இடையே புகுந்து உள்ளிருக்கும் மண்ணை உறிஞ்சிவிட்டிருக்கும். பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்களும் தன்னார்வலர்களும் கோடையில் சில வாரங்கள் தோண்டுகிறார்கள், மூடிவிட்டுப் போகிறார்கள், அடுத்த கோடையில் வந்து மிச்சம் என்ன என்று பார்க்கிறார்கள்.

அங்கே பிக்ட் காலச் செம்புக் கொல்லர் ஒருவரின் பட்டறை கிடைத்தது. தரைக்குள் சற்றே இறக்கிக் கட்டிய சின்ன அறை. நடுவில் அடுப்பு, அதன் பக்கத்தில் அவர் பட்டடையாகப் பயன்படுத்திய கல். அந்தக் கல்லைச் சுத்தம் செய்தபோது அதன் மேல் கரிய தடங்கள் தெரிந்தன. முழங்கால் ஊன்றிய தடம், கை ஊன்றிய தடம். உடம்பின் கரியும் கசடும் வேலை செய்யச் செய்யக் கல்லில் ஏறி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் அழியாமல் இருந்திருக்கிறது. எந்த அரசன் எந்த ஆண்டு யாரை வென்றான் என்பதை ஏட்டில் படிக்கலாம். மண்டியிட்டு உட்கார்ந்து செம்பு உருக்கிய ஒருவரின் கைத்தடத்தை இந்த மாதிரி ஒரு குழியைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. அந்தக் கல்லின் மேல் ஒரு கடுங்குளிர் அலைகள் ஏறியிருந்தால் தடத்தைக் கழுவிவிட்டிருக்கும். கல் மட்டும் கரையில் ஆயிரம் கற்களோடு கிடந்திருக்கும்.

உங்கள் துறையில் பழைய கொள்கை ஒன்று உண்டு: தொடாமல் விட்டால் அதுவே நல்ல பாதுகாப்பு, நாளை இன்னும் நல்ல கருவிகளோடு வருபவர் தோண்டட்டும். நானும் இந்தக் கொள்கைக்காரன்தான். சைல்ட் ஸ்காரா பிரேயை இரும்புக் கால ஊர் என்று நினைத்தார். 1970களில் அங்கே மீண்டும் சின்னக் குழிகள் வெட்டி, கார்பன் காலக்கணிப்பு செய்த பிறகே அது ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று உறுதியானது. தொடாத மண் மிச்சம் இருந்ததால் அது முடிந்தது. ஆர்க்னியிலேயே இருக்கும் புதிய கற்கால இடமான நெஸ் ஆஃப் பிராட்கரைப் பாருங்கள். இருபது ஆண்டு அகழாய்வை 2024 கோடையோடு நிறுத்தி, குழிகளை மூடி, இனி ஆய்ந்து எழுதும் வேலை என்று உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்தது. அங்கே மூடினால் அது இருக்கும். ஸ்வான்ட்ரோவில் மூடினால் இருக்காது. இரண்டு இடத்துக்கும் ஒரே கொள்கையை நீட்டுவதைத்தான் நான் குறை சொல்கிறேன். நாளைய கருவி வரும்போது மண் அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

நன்றாகச் செய்தபோது என்ன கிடைத்தது என்பதற்கு உங்கள் சொந்த இடமே சாட்சி. வெஸ்ட்ரே தீவின் நோல்ட்லண்ட் மணல்வெளியில் அலையை விடக் காற்று பெரிய எதிரி. மணல்மேட்டைக் கிளப்பிக்கொண்டு போய் புதிய கற்கால, வெண்கலக் கால வீடுகளை வெட்டவெளியில் போட்டுவிட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பல ஆண்டுகள் விடாமல் அகழாய்வுக்குப் பணம் கொடுத்தீர்கள். 2009இல் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மணற்கல் உருவம் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் கிடைத்த மனித உருவங்களிலேயே பழையது. தீவுக்காரர்கள் அதை வெஸ்ட்ரே மனைவி என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகளை வரிசையாக வைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 2022இல் வந்த டிஎன்ஏ ஆய்வு, வெண்கலக் காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் பெண்களே மிகுதி, பழைய ஆண்வழி மட்டும் அப்படியே தொடர்ந்தது என்று சொன்னது. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் பார்த்ததற்கு நேர் மாறான கதை. தோண்டாமல் விட்டிருந்தால் காற்றே அந்த எலும்புகளைப் பொடியாக்கியிருக்கும்.

இடம் மாற்றுவதையும் ஒரு வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஷெட்லண்டின் பிரெஸே தீவில் க்ரூஸ்டர் என்ற வெண்கலக் காலச் சுட்ட கல் மேடு (தண்ணீர் கொதிக்க வைக்கச் சூடாக்கிய கற்கள் குவிந்த மேடு) கடலில் விழும் நிலைக்கு வந்தபோது, உள்ளூர்க்காரர்களும் தொல்லியலாளர்களும் அதன் கல் அமைப்பைத் தண்ணீர்த் தொட்டியோடு கழற்றிக் கொண்டுவந்து தீவின் மரபு மையத்துக்குப் பக்கத்தில் மீண்டும் கட்டினார்கள். சாண்டேயில் மோர் என்ற இடத்துக்கும் அப்படியே செய்தார்கள். இடம் மாறினால் உண்மைத்தன்மை போய்விடும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. போகிறதுதான். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் இன்று அந்தத் தொட்டியைச் சுற்றி நின்று, கல்லைச் சுட வைத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் பழைய வித்தையை நேரில் பார்க்க முடிகிறது. எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. ஸ்காரா பிரேயைக் கழற்றி உள்நாட்டில் அடுக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

ஸ்கேன் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் முன்னோடி அமைப்பு ஸ்காட்லாந்தின் ஐந்து உலக மரபுச் சின்னங்களையும் வெளிநாட்டில் ஐந்தையும் லேசரால் அளந்தது. குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஃபைஃப் கரையில் வீம்ஸ் குகைகளையும் இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிட்டனின் மற்றக் குகைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அங்கே இருக்கும் அளவுக்குப் பிக்ட் செதுக்கல் தேறாது. ஒரு குகைக்குள் யாரோ காரைக் கொளுத்திச் செதுக்கல்களைக் கெடுத்த கதையும் உண்டு. குகைச் சுவருக்கு ஸ்கேன் பொருத்தம். பார்க்க வேண்டியது அந்தச் சுவரின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. கரையோர ஊருக்கு அது போதாது. அங்கே செய்தி முழுதும் அடுக்குக்கு அடியில் இருக்கிறது. கரித்துண்டு, மீன் முள், தானியம், சாம்பலின் நிறம். லேசர் கதிர் மண்ணுக்குள் போகாது. அழகான முப்பரிமாணப் படம் ஒன்றை இணையத்தில் போட்டுவிட்டு, பதிவாகிவிட்டது என்று கணக்கை மூடிவிடும் ஆசை எந்த அலுவலகத்துக்கும் வரும். உங்களுக்கு வரக்கூடாது.

தோண்டிய பிறகான செலவை மறப்பதும் அதே வகை. ஸ்காரா பிரேயில் 1860களில் நிலக்கிழார் வில்லியம் வாட் எடுத்த ஒரு திமிங்கில எலும்புப் பொம்மை, காணாமல் போனதாகவே கருதப்பட்டது. 2016இல் அது ஸ்ட்ரோம்னஸ் அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டிக்குள்ளேயே இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணும் வாயும் தொப்புளும் கொண்ட, ஐயாயிரம் ஆண்டு வயதுள்ள பொம்மை, நூறு ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கிறது. எங்கள் பத்திரிகைகள் இதை இனிய செய்தியாகப் போட்டன. எனக்கு அது ஓர் எச்சரிக்கை. ஒரு கோடை தோண்டினால் அதற்குப் பின்னால் எலும்பு பார்க்க, மண் மாதிரி சலிக்க, இரும்பைப் பதப்படுத்த, காலம் கணிக்க, எழுத என்று ஆண்டுக்கணக்கில் வேலை இருக்கிறது. புகைப்படத்துக்கு வராத வேலை என்பதால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். தோண்டப் பணம் கொடுத்து எழுதப் பணம் கொடுக்காமல் விடுவதை விட, இரண்டு இடத்துக்குப் பதில் ஒன்றை மட்டும் முழுதாகச் செய்வது மேல்.

யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் ஏற்கெனவே களத்தில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் ஸ்கேப் அறக்கட்டளை, உங்கள் உதவியோடும்தான், கரையோர மக்களைக் கண்காணிப்பாளர்களாக ஆக்கியிருக்கிறது. நாய் நடத்தப் போகிறவர், மீனவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலர் புயலுக்குப் பிறகு கரையில் நடந்து, போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஸ்கேப்பின் வரைபடத்தில் எந்த இடம் அவசரம் என்ற தரவரிசையும் இருக்கிறது. ஆனால் படம் அனுப்பியவருக்கு அடுத்து என்ன என்று தெரிவதில்லை. பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் அவர் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது, தொடவும் மாட்டார். அனுமதிக் கடிதம் போய் வருவதற்குள் அடுத்த புயல் வந்துவிடும். மனித எலும்பு வெளியே தெரிந்தால் மட்டும் உடனே ஆள் அனுப்ப உங்களிடம் ஒப்பந்த ஏற்பாடு இருக்கிறது. நல்லபடி வேலை செய்கிற ஏற்பாடு அது. அதையே எலும்பில்லாத இடங்களுக்கும் விரித்தால் என்ன? ஸ்வான்ட்ரோவின் அந்தக் கொல்லர் கல்லில் எலும்பு ஒன்றும் இல்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். எடின்பரோ கோட்டை ஒன்றுக்கே ஆண்டுதோறும் ஏறக்குறைய இருபது லட்சம் பேர் வருகிறார்கள். அந்தக் காசுதான் வருமானமே இல்லாத நூற்றுக்கணக்கான இடங்களுக்கும் சோறு போடுகிறது என்று எனக்குத் தெரியும். கோட்டைச் சுவர்களிலும் கல் உதிர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பல இடங்களில் மேலிருந்து கல் விழலாம் என்று வேலி போட்டீர்கள். லின்லித்கோ அரண்மனையும் தப்பவில்லை. அந்த வேலையை நிறுத்திவிட்டுக் கடற்கரைக்கு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். கோட்டைச் சுவரை ஐந்து ஆண்டு கழித்துக்கூடச் சுண்ணாம்புக் கலவை பூசிச் சரிசெய்ய முடியும். மண்சுவரில் அந்த ஐந்து ஆண்டு கிடைக்காது. ஆகவே கரையோரத்துக்கென்று தனித் தலைப்பில் பணம் கேட்டு அரசிடம் போங்கள். உங்களிடம் முடிவுப் பட்டியல் கையில் இருந்தால், இத்தனை இடம், இத்தனை ஆண்டு, இவ்வளவு செலவு என்று மேசையில் வைக்க முடியும். பட்டியல் இல்லாமல் போனால் அமைச்சர் அனுதாபத்தோடு டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

பட்டியலில் விடப்படும் என்று ஓர் இடத்தின் பெயரை எழுதுவது எவ்வளவு சங்கடம் என்பது புரிகிறது. தீவில் கூட்டம் போட்டால் கத்துவார்கள். எங்கள் தாத்தா உழுத நிலத்தைக் கைவிட நீ யார் என்று கேட்பார்கள். கேட்கட்டும். இப்போதும் விட்டுவிடுவதுதான் நடக்கிறது. யாரும் முடிவு செய்யாததால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பெயர் வெளியே வந்தால் உள்ளூர்ப் பள்ளியும் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுக் குழுவும் வந்து, இந்த இடத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்க வழி பிறக்கும். நீங்கள் விடுவதாக எழுதிய இடத்தைக் காக்க ஒரு தீவே திரண்டு பணம் திரட்டினால், உங்கள் முடிவு மாறியதில் யாருக்கும் அவமானம் இல்லை.

முழுப் பட்டியலுக்கு நேரம் பிடிக்கும். அதற்கு முன் உடனே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. எலும்புக்கான அவசர ஏற்பாட்டை இந்தக் குளிர்காலத்திலிருந்தே மற்றக் கரையோர இடங்களுக்கும் சோதனையாக விரிவுபடுத்துங்கள். கடலுக்குப் போகும் என்று உங்கள் அதிகாரிகளே ஒப்புக்கொள்ளும் இடங்களுக்கு, சட்ட அனுமதியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். புயல் ஓய்ந்த வாரமே உள்ளூர்த் தொல்லியலாளர் இறங்கட்டும். ஸ்காரா பிரே சுவரை அடுத்து எப்போது, எவ்வளவு தூரம் நீட்டுவது, நீட்டாவிட்டால் முனைக்கு அப்பால் இருக்கும் மண்ணை யார் தோண்டுவது என்பதை ஸ்ட்ரோம்னஸில் ஒரு பொதுக்கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்வான்ட்ரோ. அது எந்தத் தலைப்பில் வரும் என்பதை மட்டுமாவது அடுத்த கோடைக்கு முன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கல்லறை மேடு வரை கீழே இறங்குவதா, மேலே இருக்கும் வீடுகளோடு நிறுத்துவதா என்று அங்கே மண்டியிட்டு வேலை செய்பவர்கள் குழி வெட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவர்,
ஆபர்டீன்.